கண்டதை ஊற்றியவள்

‘கண்டதை ஊத்தி’ என்ற இரண்டு சொற்களை சுபாஷினி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மென்றுகொண்டிருந்தாள். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சூலூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கின் ஓரத்தில் புகைச் சோதனை வேன் நின்றது. அதற்குப் பின்னால் வெயிலில் நீண்ட வரிசையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் அக்கா காயத்ரியின் கணவர் ஈஸ்வரமூர்த்தி மாமா, இரண்டு பேர் உட்காரும் அளவுக்குக் காலை அகட்டிக்கொண்டு, கைபேசியில் ஏதோ பட்டிமன்றத்தைச் சத்தமாக வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கார் இன்று சோதனையில் தேறினால் அவளிடமே இருக்கும். தேறாவிட்டால் சாயங்காலமே பழைய வண்டி உடைக்கிற செல்வக்குமார் வந்து கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவான். அப்பா அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தார். சொல்லும்போது இவள் முகத்தைப் பார்க்கவில்லை, மருமகன் பக்கம் திரும்பிச் சொன்னார். அப்பாவுக்கு இப்போதெல்லாம் பார்வை மங்கல்தான்; ஆனாலும் மருமகன் உட்கார்ந்திருக்கும் திசை மட்டும் பளிச்சென்று தெரிகிறது. கார் போனால் வேலை போகும். சாயப்பட்டறைகளின் கழிவுநீரைப் பிடித்துவந்து சோதிக்கிற வேலை. பட்டறைகளெல்லாம் பஸ் போகாத காட்டுக்குள், ஓடைக்கரையில், நாய்கள் மட்டும் வரவேற்கும் இடங்களில் இருக்கின்றன. வண்டி ஓட்டத் தெரியும் என்று சொன்னதால்தான் ஆய்வுக்கூடத்தில் அவளை எடுத்தார்கள். வேலை போனால் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் மாமா ஜாதகங்களோடு வருவார். ஏற்கனவே ஒன்று வந்து பூஜை அலமாரியில் விபூதித் தட்டுக்கு அடியில் இருக்கிறது. ஆக, சைலன்சருக்குள் நுழைக்கப்போகிற அந்த மெல்லிய குழாய் இந்தக் காரை மட்டும் மோந்து பார்க்கப்போவதில்லை என்று நினைத்தாள்.

அப்படி என்ன கண்டதை ஊற்றினாள்? கண்ட இடத்தில் கண்டதை அவள் வாங்கவேயில்லை. பெட்ரோலில் கலக்கிற, கைக்கு அடக்கமான அந்த மருந்துப் புட்டியை வாங்குவதற்கு முன் அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, கரியை அது எப்படிக் கரைக்கிறது என்று தேடித்தேடிப் படித்தாள். இன்ஜெக்டர் என்பது ஊசித்துளைகள் உள்ள ஒரு சின்ன மூக்கு. பெட்ரோலைப் பனியைப்போலத் தூவவேண்டியது அதன் வேலை. வயதான வண்டியில் அந்தத் துளைகளைச் சுற்றி அரக்குபோல ஒன்று படிந்துவிடும், தூவவேண்டியது ஒழுகும், ஒழுகினால் முழுக்க எரியாது, எரியாதது கரியாகும், கரி மேலும் போய்ப் படியும். மனிதர்களுக்கு நடப்பதும் ஏறக்குறைய இதுதான் என்று அப்போது தோன்றிச் சிரித்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ‘என்னம்மா தனியாச் சிரிக்கறே’ என்பார்கள். மருந்தை ஊற்றிவிட்டுத்தான் பெட்ரோல் பிடிக்க வேண்டும், அப்போதுதான் நன்றாகக் கலக்கும். அதற்கு பங்க்கில் நின்று, ‘ஒரு நிமிசம் இருங்கண்ணா’ என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவளால் முடியாது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள், பைக்கில் வந்தவன் திரும்பிப் பார்ப்பான், என்ன ஊத்தறீங்க என்று ஒருவர் கேட்பார், அவர் கேட்டதும் இன்னொருவர் பக்கத்தில் வந்து நிற்பார். அதனால் வீட்டிலேயே, விடியற்காலையில், ஆய்வுக்கூடத்து அளவுக் குவளையில் சொட்டுப் பிசகாமல் அளந்து, காகிதத்தைப் புனலாகச் சுருட்டி ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் போய்த் தொட்டியை நிரப்பினாள். பிறகு புட்டியில் எழுதியிருந்தபடி, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை, நிறுத்தி நிறுத்தி ஓட்டாமல், பைபாஸில் ஒரே மூச்சாக அவிநாசி வரை போய்த் திரும்பினாள். பயமாகத்தான் இருந்தது. லாரிகள் உரசுவதுபோலப் போயின. ஆனால் அந்தத் தொட்டிப் பெட்ரோல் தீர்வதற்குள், சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் விக்குகிற விக்கல் நின்றுவிட்டது. சிவப்பு விளக்கில் நிற்கிறாள், வண்டி ஓடுகிறதா அணைந்துவிட்டதா என்றே தெரியவில்லை, சாவியைத் தொட்டுப் பார்க்கிறாள், ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது? இன்ஜின் விக்கவில்லை என்று வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சொல்கிற பெண்ணை யார் எங்கே பார்த்திருக்கிறார்கள்.

பங்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் கையில் சின்னச் சின்னப் புட்டிகளோடு வரிசையை ஒட்டி வந்தார். இவள் பக்கத்துக் கண்ணாடி முழுக்க இறங்கியிருந்தது. அவர் அதைத் தாண்டி, வண்டியின் மூக்கைச் சுற்றிக்கொண்டு மாமா பக்கம் போய்க் குனிந்தார்.

“சார், வண்டி பழசாட்ட இருக்குதுங். ஒரு பாட்டில் ஊத்தி உட்டங்கன்னா உள்ள இருக்கற கரியெல்லாம் கழண்டு வந்துருமுங்.”

“அட சாமி, ஆளை உடுங்க,” என்று மாமா பட்டிமன்றத்தை நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். “அதெல்லாம் எங்கூட்டு சயின்டிஸ்ட் எப்பவோ ஊத்தியாச்சு. ஊத்தித்தான் இங்க வந்து நிக்கறோம்.”

“யாருங் சார்?”

“இதா, அம்மிணிதான். எம்மெஸ்ஸி கெமிஸ்ட்ரி. தண்ணியவே டெஸ்ட் பண்ணும், பெட்ரோல் எம்மாத்தரம்?”

புட்டிக்காரர் குனிந்து அவளை ஒருமுறை பார்த்தார். புதிதாக வந்த மிருகத்தைக் கூண்டுக் கம்பி வழியாகப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, சிரித்தபடி அடுத்த வண்டிக்குப் போனார். சுபாஷினியும் சிரித்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. ஏன் சிரித்தேன், என்ன இருக்கிறது இதில் சிரிக்க, அவர் என்னைக் கேலி செய்கிறார், நான் அந்தக் கேலிக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறேன். எப்போதும் இப்படித்தான். கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கேட்ட கேள்விக்கு இவளுக்குப் பதில் தெரியும், தொண்டை வரை வந்துவிட்டது, அதற்குள் பக்கத்தில் நின்ற லாவண்யா அதே பதிலை அரைகுறையாகச் சொன்னாள், அவர் ‘குட்’ என்றார், இவளும் லாவண்யாவைப் பார்த்துச் சிரித்தாள். தாடை தானாக விரிந்துகொள்கிறது. உள்ளே ஒருத்தி பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருக்கிறாள், வெளியே ஒருத்தி இளித்துக்கொண்டிருக்கிறாள், இரண்டு பேருக்கும் ஒரே பற்கள். வேனுக்கு முன்னால் ஒரு வெள்ளை வண்டிக்குள் குழாயை நுழைத்தார்கள். அதன் ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதிக்க, அது பசுமாதிரி சாதுவாக முனகியது. வரிசை நகர்ந்தது. இவள் கிளட்ச்சை விட்டாள், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்து நின்றது, நின்ற பிறகும் இன்ஜின் விக்கிக்கொண்டே இருந்தது. விக்குகிறது. மறுபடியும் விக்குகிறது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கருப்பாக, கொழகொழவென்று, காற்றில் கரையாத புகை. இந்தப் புகை அவிநாசி போய்வந்தபோது இல்லை. தாராபுரம் கல்யாணத்துக்கு மாமா தன் வண்டி சர்வீஸில் இருக்கிறதென்று இதை எடுத்துப்போய்த் திரும்பிய பிறகுதான் ஆரம்பித்தது. அவர் கியரைக் கொல்லுகிற ஆசாமி, அதனால் இருக்கும் என்று முதலில் நினைத்தாள். பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் அதைச் சொன்னார். ரசத்தைச் சோற்றில் விட்டுக் கையால் அணை கட்டிக்கொண்டே அப்பாவிடம் சொன்னார். “வண்டிக்கு ஒண்ணுமில்லீங் மாமா, நல்ல வண்டி. இந்தப் புள்ளதான் கண்டதை ஊத்திக் கெடுத்துப்போட்டுது.” குப்பைக்கூடையில் காலிப் புட்டியை அக்கா பார்த்திருக்கிறாள், அவரிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்கி, “ஏனாயா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டயா?” என்றார். அம்மா அப்பளத்தை நீட்டினாள். சுபாஷினி அப்பளத்தை வாங்கிக்கொண்டாள். நொறுக்கினாள். அதுதான் அவள் அன்றைக்குச் சொன்ன பதில்.

அன்றிலிருந்து அவள் தன்னையே தோண்டிக்கொண்டிருந்தாள். அளவு கூடிப்போயிருக்குமோ? குவளையில் பழைய அமிலம் ஏதாவது ஒட்டியிருந்திருக்குமோ, மூன்று முறை கழுவினேனே, காய வைத்தேனா? படிந்த கரி ஒரேயடியாகப் பெயர்ந்து எங்காவது போய் அடைத்துக்கொண்டிருக்குமோ? வயதான வண்டிகளில் முதலில் கொஞ்சம் புகை வரலாம், பிறகு தெளியும் என்று படித்திருந்தாள். ஆனால் இது முதலில் தெளிந்து பிறகல்லவா புகைகிறது, கணக்கு தலைகீழாக இருக்கிறதே. ஆய்வுக்கூடத்தில் ஒரு விடை இப்படித் தலைகீழாக வந்தால் அவள் என்ன செய்வாள்? மாதிரியில் வேறேதோ கலந்திருக்கிறது என்று எழுதி மறுபடி எடுக்கச் சொல்வாள். யாரும் அவளை எதிர்த்துப் பேசமாட்டார்கள். வீட்டில் மட்டும் விடை தப்பென்றால் அவளே தப்பு. சரி, தெரியாமல் செய்தேன் என்றே வைத்துக்கொள்வோம், படித்துப் பார்த்துச் செய்தவளுக்கு இந்தப் பெயர் என்றால், படிக்காமல் பார்க்காமல் செய்கிறவர்களுக்கு ஏன் அதே பெயர் இல்லை? மாமா போன வருஷம் அப்பாவின் கால் புண்ணில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு களிம்பைத் தடவினாரே, புண் பழுத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அதைக் கண்டதைத் தடவியது என்று ஒருவராவது சொன்னார்களா? ‘பாவம் மாப்பிள்ளை, ராத்திரி பூரா கண்ணு முழிச்சாரு’ என்றுதானே சொன்னார்கள்.

வேனிலிருந்து சோதனை செய்கிறவர் வந்தார். காது மடலில் பேனா. “வண்டி யார்துங் சார்?” என்று கூரைக்கு மேலாக மாமாவைக் கேட்டார்.

“எங்க மாமனார்துங். வயசு பத்தொம்போது ஆச்சு. எனக்குப் பொண்ணு குடுத்தப்ப வண்டிய மட்டும் குடுக்காம வெச்சுக்கிட்டாரு,” என்று மாமா சிரித்தார்.

“குடுத்திருந்தா நீங்களும் இந்த வெயில்ல நின்னிருப்பீங்ளே?”

“இப்ப மட்டும் எங்க நிக்கறனாம்?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற கை ஒன்று நடுவில் இருப்பது இருவருக்கும் தெரியவில்லை. “நெம்பப் புகையுதுங்களே,” என்றார் சோதனைக்காரர். “பாக்கலாம். உங்களுக்கு முன்னால ஒரு வண்டிதான். இன்ஜினை ஆஃப் பண்ணாம வெச்சிருங்க சார்.” ஆஃப் பண்ணாமல் சார் எப்படி வைத்திருப்பார், சாவி சாரிடமா இருக்கிறது? அவர் போனதும் மாமாவின் கைபேசி அடித்தது. செல்வக்குமார். “அட வருவப்பா, வருவ. இன்னும் டெஸ்ட்டே முடியல. பெயில்னா நானே கூப்புடறேன். சங்கிலி கொண்டா, கயிறு வேண்டாம், போன தடவ மாதிரி நடு ரோட்ல அத்துட்டு நிக்காத.” பேசி முடித்து, இவள் முகத்தை என்றுமில்லாமல் திரும்பிப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, குரல் கொஞ்சம் இளகியது.

“ஏங் கண்ணு, இப்புடி வேர்த்துக் கொட்டுது உனக்கு? பயப்படாத. பாஸாயிரும். காலைல நாலு உருண்டை போட்டு உட்டிருக்கறேன்.”

“என்ன உருண்டைங் மாமா?”

“அந்துருண்டைதான். பீரோவுல வெக்கறது. பெட்ரோல் டேங்க்ல போட்டா வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போகும். எங்க லூனாக் காலத்துலருந்து போடறேன். தாராபுரம் போறப்பவும் எட்டு உருண்டை போட்டுத்தான் ஓட்டுனேன், திருப்பூர் ரோட்டுல ஒருத்தன் முந்த முடியலயே.”

“தாராபுரம் போறப்பவா?”

“ஆமா. அப்பறம் ரெண்டு தடவ போட்டேன், நீ ஊத்துனதுக்கு மாத்தா இருக்கட்டும்னு. இன்னிக்கு உனக்காகத்தான் போட்டது. ஆயிரந்தான் இருந்தாலும் நீ ஆசையா வெச்சிருக்கற வண்டி.”

அந்துருண்டை. சுபாஷினிக்கு முதலில் கோபம் வரவில்லை, வாசனை வந்தது. போன வாரம் பெட்ரோல் மூடியைத் திறந்தபோது பட்டுச்சேலை பீரோவின் வாசனை அடித்தது, அம்மாவுக்குச் சேலை எடுத்துக் கொடுத்த கை என்று நினைத்துத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். கையை! என் கையை நான் துடைத்துக்கொண்டேன்! நாப்தலீன், இரண்டு பென்சீன் வளையங்கள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்பது, முதலாமாண்டு ஆய்வகத்தில் ஒரு துண்டைப் பற்றவைத்தபோது தலைமுடி மாதிரி கரி இழைகள் பறந்து எல்லாப் பெண்களின் வெள்ளைக் கோட்டிலும் ஒட்டின, அதைப் போய், அதைப் போய் கைநிறைய அள்ளி, அவள் சொட்டுச் சொட்டாய் அளந்து சுத்தம் செய்த மூக்கின் வழியே, எட்டும் நாலும் இன்னும் எத்தனையோ. அவள் சுத்தம் செய்தாள், அவர் கரியைக் கொட்டினார், கரிக்கு அவள் பெயரை வைத்தார், வைத்துவிட்டு அதற்கு மாற்று மருந்தாக இன்னும் கரியைக் கொட்டினார். அதில் ஒளிவு மறைவும் இல்லை, பாருங்கள், எவ்வளவு நிம்மதியாகச் சொல்கிறார், வெற்றிலை மடித்துக் கொடுத்ததைப்போல. கெட்டவராக இருந்தாலாவது திட்டிவிட்டுப் போகலாம். வண்டி தேறினால் உருண்டை போட்டுத் தேற வைத்த நல்லவர். தேறாவிட்டால் செல்வக்குமாரைத் தயாராக வைத்திருந்த நல்லவர். இரண்டு கதவிலும் அவரே நிற்கிறார், மாலை வாங்கிக்கொள்வதற்கு. அவர் போட்டால் வைத்தியம், அவள் ஊற்றினால் கண்டது. அவர் யாரைக் கேட்டார்? ‘எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டயா’ என்று அப்பா அவரைக் கேட்பாரா? கேட்கமாட்டார். மாப்பிள்ளை கைவைத்தியம் தெரிந்தவர் என்பார். அம்மா அப்பளம் நீட்டுவாள். இப்போது சொல்ல வேண்டும். மாமா, புகைக்குக் காரணம் நீங்கள். மாமா, நீங்கள் போட்டது பூச்சி விரட்டுவது, வண்டி ஓட்டுவதல்ல. மாமா, மூன்று நாளாக நான் தூங்கவில்லை, ஒரு குவளையை மூன்று முறை கழுவினேனா நான்கு முறையா என்று படுக்கையில் எண்ணிக்கொண்டிருந்தேன், நீங்கள் எண்ணியது உருண்டைகளை. சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு தொண்டைக்கு ஓடிவந்தன, வாசலில் எல்லாம் ஒரே நேரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு எதுவும் வெளியே வரவில்லை. தாடை மறுபடி அந்தச் சிரிப்புக்குத் தயாராவது தெரிந்தது. கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்து அதை நிறுத்தினாள். வலித்தது. முன்னால் நின்ற வண்டியிலிருந்து குழாயை உருவினார்கள். சோதனைக்காரர் கையை ஆட்டி, “வாங் சார், வாங்” என்று கூப்பிட்டார். போனால் தேறாது. இத்தனை உருண்டையோடு தேறவே தேறாது. அந்தக் குழாய் அவர் போட்டதை மோந்து பார்த்து அவள் மேல் எழுதும். இவ்வளவு வருஷமாக வரிசை நகர்ந்தால் அவளும் நகர்ந்திருக்கிறாள், கூப்பிட்டால் போயிருக்கிறாள். கால் கிளட்ச்சில் இருந்தது. கை கியரில் இருந்தது. முதல் கியருக்குப் போகவேண்டிய கை அங்கேயே நின்றது.

“போ கண்ணு, கூப்படறாங்கல்ல,” என்றார் மாமா.

அவள் தலையை வெளியே நீட்டினாள். “அண்ணா, எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?” குரல் கீச்சென்று வந்தது. பின்னால் நின்ற வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

சோதனைக்காரர் மாமாவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “அஞ்சு மணி வரைக்கும் இருப்பனுங்க்கா. ஏனுங், இப்ப வேண்டாங்ளா?”

“டேங்க்ல வேற என்னமோ கலந்திருக்குங்கண்ணா. இறக்கிக் கழுவிட்டு வேற பெட்ரோல் புடிச்சுட்டு வர்றேன்.”

“என்னாது?” என்றார் மாமா. “அடப் பைத்தியமே, அப்பா என்ன சொல்லி உட்டாரு? இன்னிக்கே டெஸ்ட் பண்ணிரோணும்னு...”

“இன்னிக்கேதான் பண்ணுவேன்.” அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் வராது என்று தெரியும். கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். “அப்பாகிட்ட உருண்டை போட்டதை நானே சொல்லிக்கறேன். செல்வக்குமாரை வர வேண்டாம்னு நீங்க சொல்லீருங்க. இப்ப இறங்கிப் பின்னாடி போய் நின்னு, அந்த வண்டி மேல இடிக்காம ரிவர்ஸ் பாத்துச் சொல்லுங்க மாமா.”

எல்லாச் சொற்களும் நெருக்கியடித்ததில் இவ்வளவுதான் வெளியே வந்திருந்தது. கத்தவில்லை, அழவில்லை. பின்னால் ஹாரன் அடித்தது. மாமா தனக்கே என்னவென்று தெரியாமல் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார், வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார், போய்ப் பழக்கதோஷத்தில் கையை உயர்த்தி, “வா, வா, வா, ஒடிச்சு வா” என்று ஆரம்பித்தார். சுபாஷினி ரிவர்ஸ் கியரைப் போட்டாள். ஆக்சிலேட்டரில் கால் வேண்டியதைவிட ஒரு நூல் கூடுதலாகவே அழுந்தியது. கண்ணாடியில் மாமாவின் வெள்ளைச் சட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கருப்புக்குள் போனது. இருமலுக்கு நடுவே, “வா, வா” என்ற குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வந்துகொண்டிருந்தாள்.